புதன்கிழமை மூணாவது, நாலாவது

“கணக்கு சார், உங்க சட்டைப் பையில என் புதன்கிழமை இருக்கு. எடுத்து மாட்டிருங்க.”

ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு அந்த டீச்சர் சொன்னது இது. குடையைக்கூட இன்னும் மடக்கலை. உள்ளே ஏழு பேர் டீ குடிச்சுக்கிட்டு இருந்தோம். என் சட்டைப் பைக்குள்ள நிஜமாவே ஒரு சீட்டு இருந்தது. சிவப்புக் கல்யாணப் பத்திரிகையில வெட்டின சீட்டு, ஓரத்துல பொன் கலர் கோடு. அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாலதான் டைம்டேபிள் போர்டுல இருந்து அதைக் கழட்டிட்டு, அந்த ஆணியில என்னோட நீலச் சீட்டை மாட்டியிருந்தேன். முப்பத்தெட்டு வயசு, ரெண்டு பிள்ளைக்கு அப்பன், திருட்டு முழி முழிச்சுக்கிட்டு நின்னேன். எடுத்து மாட்டினேன். வேற என்ன செய்ய?

எங்க ஸ்கூல் மும்பையில தாராவி ஓரத்துல இருக்கு. கிளாஸ்ல இங்கிலீஷ், வராந்தால இந்தி, வீட்டுக்குப் போனா திருநெல்வேலி, அதுதான் எங்க பிள்ளைங்க. நான் கணக்கு. அவங்க ஜாக்ரஃபி. அதோட டைம்டேபிள் இன்சார்ஜ். செம்பூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வருவாங்க, ஒரு நாளும் லேட் கிடையாது. டைம்டேபிளை அவங்க பேப்பர்ல போட மாட்டாங்க. கதவு அகலத்துக்கு ஒரு பிளைவுட் பலகை, அதுல வரிசை வரிசையா சின்ன ஆணி. ஒவ்வொரு ஆணியும் ஒரு பீரியடு. அதுல மாட்டுற சீட்டு எல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகையில வெட்டினது. அந்த அட்டைதான் மழைக் காலத்துலயும் சுருளாதாம். யார் வீட்டுல கல்யாணம்னாலும் முடிஞ்ச மறுநாள் வந்து, “பத்திரிகை மிச்சம் இருக்கா”ன்னு கேப்பாங்க. கல்யாணத்துல மொய் எழுதாம தப்பிச்சவங்க உண்டு, அவங்களுக்குப் பத்திரிகை கொடுக்காம தப்பிச்சவங்க கிடையாது.

ஆளுக்கொரு நிறம். எனக்கு நீலம், இந்தி மேடத்துக்கு மஞ்சள், பி.டி. சாருக்குப் பச்சை. சிவப்பு மட்டும் யாருக்கும் கிடையாது. ஒன்பதாம் வகுப்பு ஏ, பி ரெண்டுக்கும் புதன்கிழமை மூணாவது, நாலாவது பீரியடுக்கு மட்டும்தான் சிவப்பு.

அந்த ரெண்டு பீரியடுல என்ன பாடம்னு கேட்டா, பாடமே கிடையாது. உலகத்துல என்னென்ன வேலை இருக்கு, யார் அதைச் செய்யுதாங்க, அதுக்கு என்ன படிக்கணும், பத்தாவது முடிச்சதும் எந்தப் பக்கம் திரும்பணும், அதைச் செய்யுதவங்க முகத்தைப் பாத்துக் கேக்கணும். இவ்வளவுதான். மேலிடத்துல இருந்து வருஷா வருஷம் வர்ற பேப்பர்ல ‘தொழில் வழிகாட்டல்’னு ஒரு வரி இருக்கத்தான் செய்யும். அதை எல்லா ஸ்கூலும் எங்க போடும்? சனிக்கிழமை கடைசி பீரியடு. பிள்ளைங்க பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு பெல்லுக்குக் காது கொடுத்துக்கிட்டு இருக்கிற நேரம். போர்டுல தொழில் வழிகாட்டல்னு இருக்கும், கிளாஸுக்குள்ள நான் அல்ஜீப்ரா நடத்திக்கிட்டு இருப்பேன். அப்படித்தான் பதினொரு வருஷம் போர்ஷனை முடிச்சேன். அதை நாங்க திருட்டுன்னு சொன்னது கிடையாது. ‘பீரியடு வாங்கிக்கிட்டேன்’ம்போம். வாங்கினதை யாரும் திருப்பிக் கொடுத்ததாகவும் தெரியலை.

இந்த டீச்சர் இன்சார்ஜ் ஆன முதல் வருஷம், காலி போர்டு முன்னால நின்னு முதல் சீட்டா மாட்டினது சிவப்பு. நான் பாத்துக்கிட்டு இருந்தேன். பதறிப் போச்சு எனக்கு. கணக்கு, இங்கிலீஷ், சயின்ஸ் எல்லாம் முதல்ல ஊனி, அப்புறம் மத்தது, மிஞ்சின ஓட்டைக்கு ட்ராயிங்கும் பி.டி.யும். டைம்டேபிள்னா இதுதானே உலக வழக்கம்.

“டீச்சர், புதன்கிழமை பத்து மணின்னா பிள்ளைங்க மூளை நல்லா வேலை செய்யுற நேரம். அதைப் போய் இதுக்குக் கொடுக்கலாமா?”ன்னேன்.

“மூளை வேலை செய்யாத நேரத்துலயா சார் அவங்க வாழ்க்கையைப் பத்தி யோசிக்கணும்?”

இந்த மாதிரிதான் பேச்சு. ஒரு வாக்கியத்துக்கு மேல பதில் வராது. வந்தது நமக்கு உறைக்கிறதுக்குள்ள அடுத்த கிளாஸுக்குப் போயிருவாங்க.

ஏன் புதன், ஏன் பத்து மணின்னு அப்புறம்தான் தெரிஞ்சது. அதுக்கு முந்தின மே மாச லீவு முழுக்க ஒரு நோட்டைத் தூக்கிக்கிட்டு சந்து சந்தா அலைஞ்சிருக்காங்க. ஊருக்குப் போகலை. இட்லி அவிச்சு ஸ்டேஷனுக்கு அனுப்புற வீட்டுல எப்போ அடுப்பு அணையும், தாதர் பூ மார்க்கெட்டுல எப்போ கூட்டம் கலையும், ஆஸ்பத்திரியில பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் முடிஞ்சு நர்ஸுங்க எப்போ உக்காருவாங்க, லெதர் கார்கானால, அதான் தோல் வெட்டித் தைக்கிற பட்டறையில, எந்த நாள் அவசரம் இருக்காது. எல்லார் கிட்டயும் ஒரே கேள்வி: “பத்துப் பிள்ளைங்க வந்து நின்னா நாப்பது நிமிஷம் எப்போ பேச முடியும்?” பாதிப் பேர் இன்சூரன்ஸ் ஏஜெண்டுன்னு நெனச்சு கதவைச் சாத்தியிருக்காங்க. அடுத்த நாளும் போய்த் தட்டியிருக்காங்க. கடைசியில எல்லார் நேரமும் வந்து முட்டின இடம் புதன்கிழமை, பத்தில இருந்து பதினொண்ணு இருபது. அதாவது மூணாவது, நாலாவது. ஊருக்குத் தோதான நேரத்தை முதல்ல ஊனிட்டு, அதைச் சுத்தித்தான் எங்க அத்தனை பேரையும் மாட்டினாங்க. நான் கேள்விப்பட்ட வரைக்கும் இப்படி டைம்டேபிள் போட்டவங்க வேற யாரும் கிடையாது.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்துச்சுன்னு ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க. நர்ஸுக்குப் படிக்க ஆசைப்பட்டாங்களாம், வீட்டுல விடலையாம். தம்பியை இன்ஜினியரிங்ல தள்ளி அவன் பாதியில ஓடிட்டானாம். எனக்கு எதுவும் தெரியாது, நான் கேட்டதும் இல்லை. கேட்டா சொல்லுற ஆளும் இல்லை.

முதல் புதன்கிழமை கிளாஸ்ல, “பெரிய ஆளானா என்ன ஆவீங்க”ன்னு கேட்டாங்களாம். பாதி இன்ஜினியர், மீதி டாக்டர், நாலு பேர் யூடியூப். “இன்ஜினியர் காலையில ஆபீஸ் போய் உக்காந்து என்ன செய்வார்னு பாத்தவங்க கையைத் தூக்கு.” ஒரு கை எந்திரிக்கலை. “பாக்காத ஊருக்கு எல்லாரும் டிக்கெட் எடுத்து வச்சிருக்கீங்க”ன்னுட்டு, அன்னைக்கே முதல் பத்துப் பேரைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. மிச்சப் பேர் பி.டி. சார் பொறுப்பு. வாரம் ஒரு கூட்டம். போய்ட்டு வந்தவங்க அடுத்த வாரம் மத்தவங்களுக்குச் சொல்லணும்.

இப்போ ஜெபா கதைக்கு வாரேன். அந்த டீச்சர் பண்ணின ஒரே தப்பு அது. அதையும் சொல்லித்தான் ஆகணும்.

ஜெபா ஒன்பதாம் வகுப்பு பி. நல்லா படிக்கிற பிள்ளை. அப்பா ஆபீஸ்ல சூப்பர்வைசர்னு ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் சொல்லி வச்சிருந்தா. அந்தப் புதன்கிழமை எனக்கும் மூணாவது, நாலாவது காலி. காலியா இருந்தா சும்மா விடுவாங்களா, என்னையும் துணைக்கு இழுத்துட்டுப் போனாங்க. போனது ஒரு லெதர் கார்கானா. மாடிக்கு இரும்பு ஏணி, பிடிச்சு ஏற ஒரு கயிறு. ஒவ்வொருத்தரா ஏறினோம். மேலே கட்டிங் பலகை முன்னால கையில கத்தியோட நின்னது ஜெபாவோட அப்பா.

எனக்கு அவரைத் தெரியும், அட்மிஷன் அன்னைக்குப் பாத்திருக்கேன். ஜெபா ஏணியில ஏறி வந்து நிமிர்ந்தவ, அவரைப் பாத்துட்டு சுவத்தைப் பாத்தா. அவர் கை ஒரு நொடி நின்னுச்சு. அப்புறம் “வாங்க டீச்சர், வாங்க மக்களே”ன்னு ஆரம்பிச்சார். எல்லாப் பிள்ளைங்க முகத்தையும் பாத்துப் பேசினார், மகள் முகத்தை மட்டும் விட்டுட்டு. அரை மணி நேரம். தோலை எப்படி விரிக்கணும், கத்தியை எப்படித் தீட்டணும். இறங்கும்போது ஏணியைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரையும் “பாத்து, பாத்து”ன்னு இறக்கி விட்டார். ஜெபா முறை வந்துச்சு. “பாத்து இறங்கும்மா”ன்னார். அவ தலையைத் தூக்காம, “தேங்க்யூ அங்கிள்”னா.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்காம நின்னதைப் பாத்ததும்தான் டீச்சருக்கு விஷயம் விளங்குச்சு. ரோட்டுல நடக்கும்போது என் பக்கத்துல வந்து, “யார் வீட்டு ஆளுன்னு கேக்காம லிஸ்ட் போட்டிருக்கேன் சார்”னாங்க. முகம் பேயறைஞ்ச மாதிரி இருந்துச்சு. நான் ஆறுதலா ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லலை. உள்ளுக்குள்ள, இனி புதன்கிழமை நமக்குத்தான்னு ஒரு கணக்குப் போட்டேன். அப்படியாப்பட்ட ஆளு நான், ஒளிக்க என்ன இருக்கு.

மறுநாள் ஜெபாவோட அப்பா ஸ்கூலுக்கே வந்துட்டார். வராந்தால வச்சு டீச்சரைப் பிடிச்சார். நான் பக்கத்துல நோட்டுத் திருத்துற மாதிரி உக்காந்திருந்தேன்.

“டீச்சர், அந்தப் பலகை முன்னால நின்னு நின்னு என் கால் நரம்பு சுருண்டு கெடக்கு. எம் மவ அந்தப் பக்கமே வரக்கூடாதுன்னுதான் உங்க ஸ்கூலுக்கு அனுப்புதேன். நீங்க அவளை அங்கனயே கூட்டிக்கிட்டு வாரிய.”

“தப்பு என்னோடது அண்ணாச்சி. கேட்டுட்டு வந்திருக்கணும்.”

“அப்போ அந்தப் பீரியடைத் தூக்கிருங்க.”

“அது மாட்டேன்.”

“பெத்த மவ பத்துப் பேர் முன்னால என்னை அங்கிள்ங்கா. நேத்து ராத்திரி சோறு இறங்கலை எனக்கு. உங்களுக்கு அது வெளையாட்டா இருக்கா?”

“நீங்களும் அவளைத் தெரியாத மாதிரிதானே நின்னீங்க.”

அடிச்சிருவாரோன்னு பயந்து நான் எந்திரிச்சே நின்னுட்டேன். அவர் அடிக்கலை. குரல் இறங்கிப் போச்சு. “அவளுக்கு வெக்கமா இருக்கும்னுதான் டீச்சர் நின்னேன்.”

“இது வெக்கப்படுற வேலைன்னு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான் இல்லை அண்ணாச்சி. வர்ற புதன்கிழமை பத்து மணிக்கு வாங்க, வந்து நீங்களே மாத்திச் சொல்லிட்டுப் போங்க. செவ்வாய் ராத்திரியோட உங்களுக்கு அவசரக் கட்டிங் முடிஞ்சிரும், எனக்குத் தெரியும்.”

இந்தம்மா மன்னிப்பு கேக்குதாங்களா, சண்டைக்குக் கூப்பிடுதாங்களான்னு எனக்கே புரியலை. அவர் விறுவிறுன்னு கேட்டைத் தாண்டிப் போய்ட்டார். வர மாட்டார்னு நான் பி.டி. சார் கிட்ட டீ பந்தயம் கட்டினேன்.

வந்தார். தேய்ச்ச சட்டை, கையில பேப்பர்ல சுருட்டின ஆட்டுத் தோல் ஒண்ணு. மேஜை மேல விரிச்சார். பர்ஸ் அளவுக்கு வெட்டின ஒரு அட்டையை அது மேல வச்சார். “இந்தத் தோல்ல எத்தனை பர்ஸ் எடுக்கலாம்? யாராவது சொல்லுங்க”ன்னார். பிள்ளைங்க எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தாங்க. பின் பெஞ்சுல வேடிக்கை பாக்க உக்காந்தவன் நான், மாட்டிக்கிட்டேன். போய் ஸ்கேல் வச்சு அளந்து, பரப்பளவு போட்டு, வகுத்து, “பதினாலு”ன்னேன். கை தட்டுனாங்க.

அவர் தோலை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சார். முள்ளு கிழிச்ச தழும்பு, உண்ணி கடிச்ச பொட்டு, கழுத்துப் பக்கச் சுருக்கம் எல்லாம் காட்டினார். அட்டையை இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, சாக்பீஸால கோடு போட்டுக்கிட்டே போனார். ரெண்டு நிமிஷம் ஆகலை. பதினொண்ணு. “சார் சொன்னதுல மூணு பர்ஸ் தழும்போட போயிருக்கும், ஆர்டர் திரும்பி வந்திருக்கும்”னு ரொம்ப மரியாதையாச் சொன்னார். கிளாஸ் விழுந்து விழுந்து சிரிச்சுது. நானும் சிரிச்சேன், சிரிக்காம எங்க போக.

சிரிப்பு அடங்கினதும் அவர் பிள்ளைங்களைப் பாத்துச் சொன்னார். “இந்த வேலைக்கு வாங்கன்னு சொல்ல நான் வரலை. இந்த வேலையை நான்தான் செய்யுதேன்னு சொல்ல வந்தேன்.”

மூணாவது பெஞ்சுல ஒரு கை எந்திரிச்சுது. ஜெபா. “அப்பா, இந்த ஓரத்துல தழும்பே இல்லியே. அதை ஏன் விட்டுட்டிய?”

யாரோ திரும்பிப் பாத்தாங்க, அப்புறம் எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அவர் அந்த ஓரத்தை விரலால தடவினார். “அது வயித்துப் பக்கம்மா. இழுத்தா நீளும், நிக்காது”ன்னார். குரல் பிசிறடிச்சுது. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி வாட்ச்சைப் பாத்தாங்க. “இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு. கேளுங்க”ன்னாங்க.

அதுக்கப்புறம் வழக்கத்தை மாத்திட்டாங்க. முதல்ல ஆள் கிளாஸுக்கு வரணும், பேசணும், பிள்ளைங்களுக்குப் பழகணும். அப்புறம்தான் பிள்ளைங்க அவர் இடத்துக்குப் போகணும். நர்ஸ் வந்தாங்க, ரயில் ஓட்டுற மோட்டர்மேன் வந்தார், மாட்டுங்கால இருந்து ஒரு ஆடிட்டர் பஸ் கிடைக்காம நடந்தே வந்தார். கூட்டிக்கொண்டாந்தது எல்லாம் அவங்கதான், ஆனா முன்னால நின்னு ஒரு வார்த்தை பேசினது இல்லை. பெல் அடிச்சா போதும், பேசிக்கிட்டு இருக்கிறவர் யாரா இருந்தாலும் “தேங்க்யூ, அடுத்து இங்கிலீஷ் டீச்சர் வெளியே நிக்குதாங்க”ன்னு அனுப்பிருவாங்க. அடுத்தவங்க பீரியடுல ஒரு நிமிஷம் எடுக்க மாட்டாங்க. அவங்களோடதுல ஒரு நிமிஷம் விடவும் மாட்டாங்க.

இவ்வளவும் கண்ணால பாத்தவன் நான். அந்த ‘அப்பா’வைக் காதால கேட்டவன் நான். அப்படியிருந்தும் ஜனவரியில ஒன்பதாம் வகுப்பு கணக்குப் பரீட்சையில நெறைய பிள்ளைங்க கவுந்ததும், ஸ்கூலை நடத்துற ட்ரஸ்டுக்குப் போன மனுவுல கையெழுத்துப் போட்டேன். ‘கணக்குக்கு நேரம் போதவில்லை.’ வாசகம்கூட நான் எழுதினதுதான். பத்தாவது ரிசல்ட் வந்தா கேள்வி என்னைத்தானே கேப்பாங்க. புதன்கிழமையைக் கேப்பாங்களா?

பிரின்சிபால் எங்க எல்லாரையும் கூப்பிட்டு உத்தரவைச் சொன்னார். ஏ, பி ரெண்டு பிரிவுக்கும் வாரத்துக்கு ஒரு பீரியடு கணக்குக்குக் கூடுதல். “எங்கிருந்து எடுக்கணும்கிறது இன்சார்ஜ் டீச்சர் இஷ்டம். ஒண்ணைத்தானே கேக்கோம்.” எல்லாரும் சிவப்பு எதிர்ல இருக்கிற மாதிரி சுவத்தைப் பாத்தோம். ரெண்டுல ஒண்ணு போனா மிச்சம் நாப்பது நிமிஷம். பிள்ளைங்க ரோட்டைத் தாண்டி ஏணி ஏறுறதுக்குள்ள பெல் அடிச்சிரும். அதோட அந்தப் பீரியடு செத்துச்சு. அது அவருக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் டீச்சர் என்னைக் கேட்டாங்க. “நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களா சார்?”

“போட்டேன்.”

“சரி.”

திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். அந்த ‘சரி’ இன்னும் காதுல கிடக்கு.

ரெண்டு நாள் கழிச்சு போர்டு வந்துச்சு. ஓடிப் போய்ப் பாத்தேன். சிவப்பு நாலும் அங்கேயே தொங்குது, மூணாவது, நாலாவது. என் நீலத்தை எண்ணினேன். ரெண்டு பிரிவுக்கும் ஒவ்வொண்ணு கூடியிருக்கு. எங்கிருந்து வந்துச்சுன்னு தேடினேன். மூணு ஜாக்ரஃபி இருந்த இடத்துல ரெண்டு இருந்துச்சு. தன்னோடதை வெட்டியிருந்தாங்க.

எங்க ட்ரஸ்டுக்கு மூணு ஸ்கூல், மான்குர்த்துல ஒண்ணு இருக்கு. வாரத்துக்கு இருபத்தேழு பீரியடுக்குக் கீழே போனா அந்த டீச்சர் ‘சர்ப்ளஸ்’. அடுத்த ஜூன்ல வேற ஸ்கூலுக்கு மாத்திருவாங்க. புதன்கிழமை ரெண்டும் பாடம் இல்லைங்கிறதால எண்ணிக்கையில சேராது. விரல் விட்டு எண்ணினேன். அவங்களுக்கு இருபத்தாறு.

“டீச்சர், எண்ணிக்கை குறையுதே.”

“எண்ணாமலா சார் போர்டு போடுதேன்?”

“பி.டி.ல இருந்து எடுங்க. ட்ராயிங்ல இருந்து எடுங்க. ஏன், என்னோடதையே திருப்பி எடுங்க. உங்க தலையில நீங்களே கல்லைப் போட்டுக்கிடுதீங்களே.”

அப்போதான் முதல் தடவையா எனக்கு நின்னு விளக்கம் சொன்னாங்க. “அடுத்தவங்க பீரியடை எடுத்து என் பீரியடைக் காப்பாத்தினா, நீங்க இத்தனை வருஷம் செஞ்சதுக்கும் நான் செய்யுறதுக்கும் என்ன சார் வித்தியாசம்? எடுக்கணும்னா என்னோடதுலதான் எடுக்க முடியும்.”

நான் பிரின்சிபால் ரூமுக்கு ஓடினேன். என் கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கிடுதேன்னேன். அவர் சிரிச்சார். “உங்களுக்குப் பீரியடு வந்தாச்சு. சந்தோஷமாப் போங்க சார்”னார். அப்புறம் அவங்களையும் கூப்பிட்டார். “டீச்சர், உங்களை நீங்களே மான்குர்த்துக்கு அனுப்பிக்கிட்டீங்க, தெரியுதா?” கதவு திறந்துதான் இருந்தது, அவங்க பதில் எனக்குக் கேட்டுச்சு. “எங்கிருந்து வேணும்னாலும் எடுக்கச் சொன்னீங்க சார். எடுத்துட்டேன். போர்டுல தப்பு ஏதாவது இருந்தா சொல்லுங்க.” தப்பு எதுவும் இல்லை.

ஏப்ரல் கடைசி நாள் டீச்சர் என் மேஜைக்கு வந்து ஒரு பிஸ்கட் டப்பாவை வச்சாங்க. உள்ளே சீட்டுங்க, நிற நிறமா ரப்பர் பேண்ட் போட்டு. அடுத்த வருஷம் போர்டு என் பொறுப்புன்னு பிரின்சிபால் சொல்லியிருந்தார். “நீலம் கொஞ்சம் கம்மியா இருக்கு. கல்யாணம் ஏதாவது வந்தா பத்திரிகை எடுத்து வைங்க”ன்னாங்க. புதன்கிழமையைக் காப்பாத்துங்கன்னு ஒரு வார்த்தை, ஒரு பார்வை, கிடையாது. கேட்டிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். குடையை எடுத்துக்கிட்டு ரெண்டு பஸ் பிடிக்கப் போய்ட்டாங்க.

ஜூன்ல ஸ்கூல் திறக்கிறதுக்கு முந்தின வாரம் நான் போர்டு முன்னால நின்னேன். பழைய சீட்டை எல்லாம் கழட்டினேன். என் மனசுல என்ன இருந்துச்சுன்னு உண்மையைச் சொல்லுதேன். சிவப்பை நீக்கணும்னு இல்லை. வெள்ளிக்கிழமைக்குத் தள்ளுவோம், கடைசி பீரியடுக்கு முந்தின பீரியடுன்னு பெரிய மனசு பண்ணியிருந்தேன். சிவப்புச் சீட்டைப் பிடிச்சு இழுத்தேன், வரலை. ஆணியே இல்லை அங்கே. ஆணியைப் பிடுங்கிட்டு நாலு சீட்டையும் பலகையோட ஒட்டியிருக்காங்க. நகத்தால கீறினேன். பிளேடு வச்சேன், பலகைதான் சிம்பு சிம்பா வந்துச்சு. மூக்கைக் கிட்ட கொண்டு போனேன். செருப்பு ஒட்டுற சொல்யூஷன் வாசம்.

தாராவியில அந்தப் பசை எந்த வீட்டுல இருந்து வந்திருக்கும்னு எனக்கா தெரியாது. அன்னைக்குச் சாயங்காலமே கார்கானா ஏணியில ஏறினேன்.

“அண்ணாச்சி, இந்த சொல்யூஷன் போட்டு ஒட்டினா எதுல போகும்?”

ஜெபாவோட அப்பா கத்தியைக் கீழே வச்சார். ஏற இறங்க என்னை ஒரு பார்வை பாத்தார். “எதுக்கு சார் போகணும்?”

கயிறைப் பிடிச்சுக்கிட்டு ஏணியில இறங்கினேன். என்னையும் பிடிச்சு, “பாத்து சார்”னார்.

புதுப் பலகை வாங்கியிருக்கலாம். ஒரு பிளைவுட்டுக்கு என்ன பஞ்சம் இந்த ஊர்ல. வாங்கலை. மறுநாள் காலையில அந்த நாலு சிவப்பையும் சுத்தி எல்லாரையும் மாட்டினேன், என்னையும் சேர்த்து. நீலம் பத்தலைன்னு என் மச்சினன் கல்யாணப் பத்திரிகையை வெட்டினேன். இப்போ இது மூணாவது வருஷம். புதன்கிழமை பத்து மணிக்கு யாராவது ஒருத்தர் கேட்டுல வந்து நிக்குதாங்க. போன வருஷம் சயின்ஸ் மேடம் வந்து, “ஒண்ணைத்தானே கேக்கேன் சார்”னு நின்னாங்க. “அது ஒட்டியிருக்கு மேடம், வராது”ன்னேன். பிரின்சிபால் கேட்டார். அவருக்கும் அதே பதில்தான். டிரான்ஸ்ஃபர் போடுவேன்னார். “போடுங்க சார், என் எண்ணிக்கையை இருபத்தேழுக்கு ஒண்ணு குறைச்சு நானே வச்சுக்கிடட்டுமா”ன்னேன். முறைச்சுட்டுப் போய்ட்டார். ஜெபா இப்போ பன்னிரண்டாவது. டிசைன் படிக்கப் போறேங்கா, மறுவாரம் நர்ஸுங்கா. மாத்தட்டும், பாத்துட்டுத்தானே மாத்துதா.

போன வாரம் ஒரு போன் வந்துச்சு. மான்குர்த் ஸ்கூல்ல இருந்து, அங்கே கணக்கு எடுக்கிற சார். எனக்கு முன்னப்பின்ன தெரியாது. மூச்சு வாங்கப் பேசினார்.

“சார், உங்க ஸ்கூல்ல இருந்து வந்த ஜாக்ரஃபி மேடம் விஷயமாப் பேசணும். இந்த வருஷம் டைம்டேபிள் அவங்க பொறுப்பு. கதவு மாதிரி ஒரு பலகையைக் கொண்டாந்து ஸ்டாஃப் ரூம்ல மாட்டியிருக்காங்க. புதன்கிழமை நடுவுல ரெண்டு பீரியடை எடுத்து வச்சுக்கிட்டு அசைய மாட்டேங்காங்க. ஒண்ணைத்தான் கேட்டேன் சார், ஒரே ஒண்ணு.”

“என்ன சொன்னாங்க?”

குரலைத் தாழ்த்திக்கிட்டுச் சொன்னார். “சட்டைப் பையைக் காட்டுங்கங்காங்க.”

என் கை தன்னால என் சட்டைப் பைக்குப் போச்சு. ஒண்ணும் இல்லை உள்ளே, ரயில் பாஸ்தான்.

“எடுத்து மாட்டிருங்க சார்”னு சொல்லிட்டு போனை வச்சேன்.